எஸ்பெராண்டோவில் கூட்டுச்சொல்லாக்கம்

எஸ்பெராண்டோ, கண் மருத்துவர் சாமன்ஹோஃப் உருவாக்கி 1887இல் வார்சாவில் வெளியிட்ட செயற்கை மொழி. முதல் நூலில் இருந்தவை ஏறத்தாழ 900 வேர்களே; மற்றதைப் பேசுவோரே கூட்டிக்கொள்ள வேண்டும். பள்ளி நாள்களில், வாயில்காவலர் அறைக்கும் இனிப்புக்கடைக்கும் தொங்கிய ரஷ்யப் பெயர்ப்பலகைகள் ‘ஸ்கயா’ என்ற ஒரே ஈற்றில் முடிந்ததைக் கண்டு இந்த எண்ணம் வந்ததாக அவரே ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

மொழியின் 16 விதிகளில் 11ஆவது இதற்குரியது: சொற்களை அப்படியே சேர்க்கலாம், முதன்மைச் சொல் கடைசியில் வரும். நீராவி ‘வபோரோ’, கப்பல் ‘ஷிபோ’, ‘வபோர்ஷிபோ’ நீராவிக்கப்பல். வரிசையை மாற்றி ‘ஷிப்வபோரோ’ என்றால் கப்பலின் நீராவி. உச்சரிப்பு இடறும் இடத்தில் நடுவே ‘ஓ’ சேர்ப்பதுண்டு.

ஒட்டுகளும் வேர்களைப் போலவே நடத்தப்படுகின்றன. இடத்தைக் குறிக்கும் பின்னொட்டு தனித்து நின்று ‘ஏயோ’ (இடம்) ஆகும். கருவியைக் குறிப்பது ‘இலோ’ ஆகும். மருத்துவமனையான ‘மல்சனுலேயோ’வில் எதிர்மறை, நலம், ஆள், இடம், பெயர்ச்சொல் ஈறு என ஐந்து உறுப்புகள். நோயாளியை ‘நலமற்றவர்’ என்று சுற்றி வளைக்கும் இந்த ‘மல்’ முன்னொட்டுதான் அதிகம் கண்டிக்கப்பட்டது. 1907இல் பிரிந்த இடோ மொழி அதைக் கைவிட்டு, பல எதிர்ச்சொற்களுக்குத் தனி வேர்களைக் கொண்டுவந்தது. எஸ்பெராண்டோவிலும் ‘ஹொஸ்பிடாலோ’ நுழைந்துவிட்டது.

உண்மையான சிக்கல் விதியில் இல்லை, வேரில் இருக்கிறது. ‘ப்ரோசோ’ தூரிகை, அதிலிருந்து ‘ப்ரோசி’, தூரிகையால் தேய்த்தல். ‘கோம்பி’யோ தலைவாருதல், ஆகவே ‘கோம்போ’ வாரும் செயலைத்தான் குறிக்கும், சீப்புக்குக் கருவி ஒட்டைச் சேர்த்து ‘கோம்பிலோ’ எனல் வேண்டும். வேர் பொருளைச் சுட்டுகிறதா, செயலையா என்பதை ஈறு காட்டிக்கொடுப்பதில்லை, மனப்பாடமே வழி. மொழியியலாளர் ஃபெர்டினான் த சொசூரின் தம்பியும் கணிதவியலாளருமான ரெனே த சொசூர் 1910இல் இதை அலசினார். பொருளுக்குத் தேவையான உறுப்பு எதுவும் விடுபடக் கூடாது, தேவையற்றது ஒன்றும் சேரக் கூடாது என்பது அவர் வகுத்த அளவுகோல். வேர்களுக்கு இயல்பான சொல்வகை உண்டு என்ற கருத்தை எஸ்பெராண்டோ கழகம் 1967இல் ஏற்றது.

பிரிக்கும் இடம் மாறினால் பொருளும் மாறும். ‘சென்டேமா’வை சென்ட்-ஏம்-ஆ என்று பிரித்தால் எளிதில் உணர்ச்சிவசப்படும், சென்-டேம்-ஆ என்றால் கருப்பொருள் அற்ற. எஸ்பெராண்டோ நகைச்சுவையாளர்கள் இதை விட்டுவைக்கவில்லை.