பாவாடை: தரையிலிருந்து இடைக்கு ஏறிய சொல்

மாணவியர் உடை குறித்து விவாதம் எழும்போதெல்லாம் இரண்டு சொற்கள் எதிரெதிரே நிறுத்தப்படுகின்றன. ஒன்று பாவாடை, மற்றொன்று ஸ்கர்ட். முன்னது மரபு, பின்னது அந்நியம் என்ற தீர்ப்பும் உடனே வந்துவிடுகிறது. இரண்டுமே இடையிலிருந்து தொங்கும், கால்களைத் தனித்தனியே பிரிக்காத ஒரே வகை உடையின் பெயர்கள். ஆயினும் பெயரின் ஊரைக் கொண்டு உடையின் ஊர் முடிவு செய்யப்படுகிறது. இம்முறை சரியானதுதானா என்பதை அச்சொற்களைக் கொண்டே சோதித்துப் பார்க்கலாம்.

முதலில் பாவாடை. பாவுதல் என்றால் பரப்புதல். கல் பாவிய தரை என்று இன்றும் சொல்கிறோம். ஆகவே பாவாடை என்பதன் நேர்ப்பொருள் விரிக்கப்படும் துணி. பெரியோர் நடந்து வரத் தரையில் விரித்த துணிக்கு நடைபாவாடை என்று பெயர். தெய்வத்தின் முன் துணி விரித்துச் சோற்றைக் குவித்துப் படைப்பதற்கும் பாவாடை என்பதே பெயர். சொல்லின் அமைப்பில் இடையும் இல்லை, பெண்ணும் இல்லை. கிராமங்களில் ஆண்களுக்குப் பாவாடை என்று பெயர் இருப்பதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் இந்தப் பழைய பொருள்களையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

ஸ்கர்ட் என்ற சொல்லின் பயணம் இதற்கு நேர்மாறானது. பழைய நார்ஸ் மொழியில் ‘ஸ்கிர்த்தா’ என்றால் மேற்சட்டை. ஆங்கிலத்தின் ஷர்ட் என்ற சொல்லும் இதுவும் ஒரே வேரில் பிறந்தவை. ஒரே மொழிக்குள் ஒன்று உடலின் மேற்பகுதியில் தங்கிவிட்டது, மற்றொன்று இடைக்குக் கீழே இறங்கிவிட்டது. பெட்டிகோட் இன்னும் வியப்பானது. சிறு கோட்டு என்பதே அதன் பொருள். 15ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அது ஆண்கள் மேலங்கிக்கு உள்ளே அணிந்த சிறு சட்டையையும் குறித்தது. ஆக, பாவாடை தரையிலிருந்து ஏறி வந்தது. ஸ்கர்ட்டும் பெட்டிகோட்டும் மார்பிலிருந்து இறங்கி வந்தன. மூன்றும் இடையில் சந்தித்துக்கொண்டன.

இந்தியாவின் பிற மொழிகளைப் பார்த்தாலும் இதே நிலைதான். தெலுங்கின் லங்காவும் கன்னடத்தின் லங்கவும் வடக்கின் லஹங்காவோடு உறவுடையவை; பாவாடையோ மலையாளத்திலும் தெலுங்கிலும் சிறு ஒலிமாற்றத்துடன் வழங்குகிறது. வங்காளத்தில் புடவைக்கு உள்ளே அணியும் பாவாடைக்குச் ‘சாயா’ என்று பெயர். இது போர்ச்சுகீசிய மொழியின் ‘சாயா’ என்ற சொல்தான். சிங்களத்திலும் அதே சொல்லே ‘சாய’ என வழங்குகிறது. வணிகம் நடந்த துறைமுகங்களின் வழியே சொல் கரையேறியிருக்கிறது.

சொல் மட்டும்தான் வந்ததா, உடையும் வந்ததா என்று கேட்கலாம். இந்தக் கேள்விக்குப் புடவையின் அண்மைக்கால வரலாற்றில் ஒரு விடை இருக்கிறது. முதல் இந்திய ஐ.சி.எஸ். அதிகாரியான சத்யேந்திரநாத் தாகூரின் மனைவி ஞானதானந்தினி தேவி 1860களில் கணவருடன் பம்பாய் சென்றார். அதற்கு முன் வங்காளத்து அந்தப்புரங்களில் உள்ளாடையின்றி ஒற்றைப் புடவையைச் சுற்றிக்கொள்வதே வழக்கம். அந்த உடையில் பொதுவெளிக்கு வருவது இயலாதென்று கருதப்பட்டது. பம்பாயில் பார்சிப் பெண்கள் புடவை உடுத்திய முறையைக் கண்டு, அதைத் தமக்கேற்ப மாற்றி, இரவிக்கையும் உள்பாவாடையும் சேர்த்து அவர் ஒரு புதிய உடையை வகுத்துக்கொண்டார். பிரம்ம சமாஜப் பெண்களிடையே பரவியதால் அது ‘பிரம்மிகா’ புடவை எனப்பட்டது. இன்று இந்தியப் பெண்ணின் தொன்மையான அடையாளமாகக் காட்டப்படும் முழு உடைத்தொகுதியில், கண்ணுக்குத் தெரியாத அடுக்கு ஒரு பாவாடை. அதன் வங்காளப் பெயர் போர்ச்சுகீசியம், ஆங்கிலப் பெயர் ஆணின் சட்டை.

இதிலிருந்து, தைத்த உடை முழுவதும் வெளியிலிருந்து வந்தது என்ற மறுகோடிக்குப் போவதும் பிழையே. சிலப்பதிகாரத்தின் இந்திர விழாவில் துன்னகாரர் இடம்பெறுகின்றனர், அவர்கள் தையற்காரர்கள். சமஸ்கிருத நிகண்டான அமரகோசம் ‘அர்த்தோருகம்’ என்றொரு மகளிர் உடையைக் குறிக்கிறது. பாதித் தொடை வரை வருவது என்பது அதன் பொருள். குட்டைப் பாவாடை 1960களின் இலண்டனில்தான் பிறந்தது என்று எண்ணுவோர் இந்த ஒரு சொல்லையாவது பார்க்க வேண்டும்.

பாவாடை போன்ற உடை பெண்ணுக்கே உரியது என்ற எண்ணமும் ஆய்வில் நிற்பதில்லை. அக்பரின் உடைச்சாலையைப் பற்றி அயினி அக்பரியில் எழுதும் அபுல் ஃபசல், இந்திய வடிவிலான ‘தகௌச்சியா’ என்ற மேலங்கியின் பிளவுபட்ட கீழ்ப்பகுதியை வட்டமாக அமைக்குமாறு பேரரசர் ஆணையிட்டதைக் குறிப்பிடுகிறார். முகலாய, ராஜபுத்திர ஓவியங்களில் இடைக்குக் கீழே விரிந்து சுழலும் ஜாமா அணிந்து நிற்பவர்கள் வீரர்களும் மன்னர்களும். கதகளி மேடையில் ஆண் நடிகர் அணியும் பெரிய உடுத்துக்கெட்டு இன்றும் நம் கண்முன் உள்ளது.

அப்படியானால் வட்டாரத்துக்கு வட்டாரம் வடிவம் வேறுபடுவது எதனால்? என் கருத்தில், சொல்லைவிடத் தறியும் கத்தரியும் இதற்குத் தெளிவான சான்று தருகின்றன. ராஜஸ்தானத்துக் காக்ரா, மேலே குறுகி கீழே அகன்ற துண்டுகளை இணைத்துத் தைப்பது. அத்துண்டுக்கு இந்தியில் ‘கலி’, அதாவது மொட்டு, என்று பெயர். 80 கலி கொண்ட காக்ரா மக்கள் வழக்கில் புகழ்பெற்றது. இவ்வாறு வெட்டினால் இடையில் சுருக்கம் குறையும், கீழே வட்டம் பெருகும். பட்டுப்பாவாடையில் இது எளிதன்று. அதன் சரிகைக் கரை தறியிலேயே நேர்க்கோட்டில் நெய்யப்படுகிறது. துணியை ஆப்பு வடிவில் வெட்டினால் கரை துண்டுபட்டுவிடும். எனவே நேர்த்துணியை வெட்டாமல் இடையில் கொசுவி மடிக்கிறார்கள். சிறுமி வளர வளரப் பிரித்துவிடுவதற்காகக் கீழே ‘டக்’ பிடித்துத் தைப்பதும் அதே சிக்கனத்தின் தொடர்ச்சி. விலையுயர்ந்த துணி, நேரான கரை, வளரும் உடல் ஆகிய மூன்றும் சேர்ந்து அந்த வடிவத்தைத் தீர்மானித்துள்ளன.

உடை வரலாற்றில் ஆய்வு செய்யும் மாணவர்கள் பெயர், வடிவம், அணியும் முறை ஆகிய மூன்றையும் தனித்தனியே ஆராய வேண்டும் என்பதே நான் வலியுறுத்த விரும்புவது. இவை மூன்றும் வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு வழிகளில் பயணம் செய்தவை. ஓர் உடை ஒரு மாணவிக்கு ஏற்றதா என்பதை வெயிலைக் கொண்டு பேசலாம், மிதிவண்டியைக் கொண்டு பேசலாம், எல்லாவற்றுக்கும் மேலாக அவளுடைய விருப்பத்தைக் கொண்டு பேசலாம். மரபென்னும் சான்றைக் காட்டி அவளுக்கு ஆணையிடுவோர், அந்தச் சான்றை ஒருமுறையேனும் அகராதியில் புரட்டிப் பார்த்துவிட்டு வரட்டும்.