விளையாட்டிலிருந்து பிறந்த படம்

1982 பெப்ரவரியில் நம் ரூபவாஹினி ஒளிபரப்பைத் தொடங்கியது. அதே ஆண்டு செப்டெம்பரில் அமெரிக்காவின் ஏபிசி நிறுவனம் 'பெக்மேன்' கேலிச்சித்திரத் தொடரை வெளியிட்டது. வீடியோ விளையாட்டொன்றைத் தழுவிய முதற் தொலைக்காட்சித் தொடர் அதுவே.

போக்கிமொனும் அவ்வழியே வந்தது: 1996இல் ஜப்பானில் கேம்போய் விளையாட்டு, 1997 ஏப்ரலில் தொடர். அவ்வாண்டு டிசெம்பர் 16ஆம் திகதி, ஓர் அத்தியாயத்தின் சிவப்பு நீல ஒளிச்சிமிட்டலால் அறுநூறுக்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் சிறுவர், மருத்துவமனை சென்றனர்.

பின்னொருநாள், மொனராகலை இறப்பர்த் தோட்ட லயமொன்றில் பிள்ளைகள் அத்தொடரை இறுவட்டில் பார்த்திருக்கக் கண்டேன். பேச்சு ஆங்கிலம், அவர்களுக்கு விளங்கவில்லை. கேம்போயை எவரும் கண்டதுமில்லை. "இது முதலில் ஒரு விளையாட்டு" என்றேன்.

"தெரியுமே ஐயா, நாங்கள் தினமும் விளையாடுகிறோமே" என்ற சிறுவன், காற்சட்டைப் பையிலிருந்து இறப்பர் விதையொன்றை எடுத்து முற்றத்தில் வீசினான்.