வட சென்னையில் ஊதியக் களவும் தொழிலாளிக்காகப் பேசிய சபைகளும்: 1918 முதல் ஊதியத் தொகுப்புச் சட்டம் வரை

செய்து முடித்த வேலைக்குரிய கூலியைக் கொடுக்காமல் இழுத்தடிப்பது, அபராதம் என்றும் சேதாரம் என்றும் பெயரிட்டுச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வது, குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்துவிட்டு முழுத் தொகைக்குக் கையெழுத்தோ கைநாட்டோ வாங்குவது, கூடுதல் நேரம் வேலை வாங்கி அதைக் கணக்கில் ஏற்றாமல் விடுவது ஆகிய எல்லாவற்றையும் ஊதியக் களவு என்ற ஒரே பெயரால் இன்றைய தொழிலாளர் ஆய்வுகள் குறிப்பிடுகின்றன. இக்களவை எதிர்ப்பதற்கென்றே தேவாலயங்களும் பள்ளிவாசல்களும் யூத ஆலயங்களும் தொழிற்சங்கங்களுடன் சேர்ந்து இயங்கும் அமைப்பு அமெரிக்காவில் 1996-இல் உருவானது. நியூயார்க் மாநிலம் 2010-இல் ஊதியக் களவுத் தடுப்புச் சட்டம் என்ற பெயரிலேயே ஒரு சட்டத்தை இயற்றியது. சமயக் கூட்டமும் கூலிக்கான கோரிக்கையும் ஒரே பந்தலின் கீழ் சந்தித்த நிகழ்வு, அந்த அமெரிக்க அமைப்பு உருவாவதற்கு 78 ஆண்டுகளுக்கு முன்பே சென்னையில் நடந்தேறிவிட்டது. அச்சந்திப்பிலிருந்து இன்றுவரையிலான வரலாற்றை, கூலி பறிபோனவருக்காகப் பேசும் உரிமை யாருக்கு இருந்தது என்ற கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு பின்தொடர்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அவ்வரலாறு தொடங்கும் வட சென்னையில், பழைய கறுப்பர் நகரத்தைச் சுற்றி எழுப்பப்பட்ட மதிலின் வாயில்களுள் ஒன்று யானைக்கவுனி. அம்மதிலைப் பராமரிக்க விதிக்கக் கருதிய வரியின் நினைவாகவே அருகிலுள்ள வால்டாக்ஸ் சாலை இன்றும் அப்பெயரைத் தாங்கி நிற்கிறது. இந்த இடத்துக்குக் கிழக்கே சௌகார்பேட்டையின் கடைகளும் கிடங்குகளும் துறைமுகமும் உள்ளன. வடமேற்கே சூளை, பட்டாளம், புளியந்தோப்பு வழியாகப் பெரம்பூர்வரை பஞ்சாலைத் தொழிலாளரின் குடியிருப்புகள் பரவியிருந்தன. பின்னி நிறுவனத்தின் நிர்வாகத்தில் 1876-இல் பக்கிங்காம் மில்லும் 1881-இல் கர்நாடிக் மில்லும் தொடங்கப்பட்டன. முதல் உலகப் போரின் இறுதியில் இவ்விரண்டிலும் சேர்த்து ஏறத்தாழப் பத்தாயிரம் பேர் வேலை செய்தனர்.

இத்தொழிலாளருக்குச் சங்கம் என்று ஒன்று இல்லாத காலத்தில் அவர்கள் அச்சமின்றிக் கூடிய இடம் ஸ்ரீ வேங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபை. வைணவச் சொற்பொழிவுகளையும் நீதி உரைகளையும் நடத்திவந்த இச்சபையின் முன்னோடிகளான செல்வபதி செட்டியாரும் இராமாஞ்சலு நாயுடுவும் மில் தொழிலாளர் அல்லர். செட்டியார் மில்லுக்கு அருகே கடை வைத்திருந்த வணிகர். கடைக்கு வந்துபோகும் தொழிலாளர் தங்கள் குறைகளை அவரிடம் சொல்வது வழக்கமாயிற்று. கடையில் வாய்மொழியாகக் கேட்ட குறை மாலையில் சபையில் பலரறியப் பேசப்படும் செய்தியாக மாறியது. 1918 மார்ச் 2 அன்று பெரம்பூர் ஜங்காராமாயம்மாள் தோட்டத்தில் சபை கூட்டிய கூட்டத்தில் திரு. வி. கலியாணசுந்தரனார் தொழிலாளரிடையே பேசினார். சைவத்தில் தோய்ந்த அவர் வைணவ சபையின் மேடையில் நின்று தொழிலாளர் ஒற்றுமையை எடுத்துரைத்தார். கேட்க வந்தவர்களும் தங்களைப் பக்தர்கள் என்று மட்டும் எண்ணி வந்தவர்கள் அல்லர். சமயக் கூட்டத்துக்குப் போனான் என்று சொல்லி ஒரு தொழிலாளியைத் தண்டிப்பது நிர்வாகத்துக்கு எளிதன்று என்பதே சபையின் முதல் பயன் எனலாம்.

அடுத்து அவ்விருவரும் நாடியவர் அன்னி பெசண்டின் ‘நியூ இந்தியா’ இதழில் பணியாற்றிய பி. பி. வாடியா. பார்சி குடும்பத்தில் பிறந்து பிரம்மஞான சபையில் சேர்ந்த வாடியா, ஏப்ரல் மாதத்தில் தொழிலாளர் கூட்டங்களில் பேசத் தொடங்கினார். 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. வாடியா தலைவராகவும் திரு. வி. க. துணைத் தலைவர்களுள் ஒருவராகவும் சபையின் இரு முன்னோடிகளும் செயலாளர்களாகவும் பொறுப்பேற்றனர். இந்தியாவில் முறையான அமைப்புடன் எழுந்த முதல் தொழிற்சங்கம் என்று வரலாற்றாசிரியர் பலரும் இதையே கருதுகின்றனர். அதன் தலைமைப் பொறுப்பில் இருந்த இந்நால்வரும் தறியில் நின்றவர்கள் அல்லர் என்பதைக் குறையாகச் சுட்டுவோர் உண்டு. ஆயினும் மறுநாளே வேலையிலிருந்து நீக்கப்படலாம் என்ற நிலையில் இருந்தவனுக்காக, நீக்கப்பட முடியாத ஒருவர் பேச வேண்டிய தேவை இருந்ததைக் காணும்போது அக்குறை வலுவிழந்துபோகிறது.

சங்கம் தொடக்கத்தில் எழுப்பிய கோரிக்கை கூலியைப் பற்றியதாக வெளிப்படையாகத் தோன்றாது. 1911-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் பஞ்சாலையில் ஆடவரின் வேலை நேரத்தை நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணியாக வரையறுத்து, நடுவே அரை மணி ஓய்வைக் கட்டாயமாக்கியிருந்தது. அந்த முப்பது நிமிடத்தில் தறியை நிறுத்தி, கை கழுவி, கூட்டத்தில் இடம் பிடித்து, கொண்டுவந்த சோற்றை உண்டு, மீண்டும் தறிக்குத் திரும்ப வேண்டும். சற்றே தாமதித்தாலும் கூலி போகும் என்ற அச்சத்தில் பலர் பாதி உணவோடு எழுந்தனர். ஓய்வை நாற்பது நிமிடமாக்க வேண்டும் என்று வாடியா கேட்டார். உண்ணவே போதாத ஓய்வும், தாமதத்துக்காகப் பறிபோகும் கூலியும் ஒன்றோடொன்று பிணைந்தவை. முதலாவதே இரண்டாவதற்கு வாய்ப்பளித்தது. 1922-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் வேலை நேரத்தைப் பதினொரு மணியாகக் குறைத்து ஓய்வை ஒரு மணியாக உயர்த்தியது.

தொழிலாளிக்காகப் பேசுவோரை அன்றைய சட்டம் பாதுகாக்கவில்லை. 1920-இல் கதவடைப்பு நேர்ந்தபோது, வேலை ஒப்பந்தத்தை மீறத் தொழிலாளரைத் தூண்டினார்கள் என்று வாடியா உள்ளிட்டோர் மீது பின்னி நிறுவனம் வழக்குத் தொடர்ந்து, சென்னை உயர் நீதிமன்றத்தில் தடையாணை பெற்றது; பெருந்தொகை நட்டஈடும் கோரியது. ஆங்கிலப் பொதுச் சட்டத்தின்படி, ஒருவரின் ஒப்பந்தத்தை முறிக்கத் தூண்டுவதே தனியோர் உரிமையியல் தீங்காகக் கருதப்பட்டது. 1921 தொடக்கத்தில் ஏற்பட்ட உடன்பாட்டையடுத்து வாடியா தொழிலாளர் இயக்கத்திலிருந்து விலகினார். இந்த வழக்கு எழுப்பிய அதிர்ச்சியால், தொழிற்சங்கங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்று தொழிலாளர் தலைவர் என். எம். ஜோஷி மத்தியச் சட்டமன்றத்தில் 1921-இல் தீர்மானம் கொண்டுவந்தார். 1926-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம், பதிவு பெற்ற சங்கத்தையும் அதன் பொறுப்பாளர்களையும் இவ்வகை உரிமையியல் வழக்குகளிலிருந்து விடுவித்தது.

சபையையும் சாதியையும் சார்ந்த பிணைப்பு வலிமையாக இருந்த அதே அளவுக்குப் பிளவாகவும் இருந்தது. 1921 ஜூன் முதல் அக்டோபர்வரை நீண்ட வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளரில் பெரும்பகுதியினர் பணிக்குத் திரும்பினர்; அச்சமூகத் தலைவர் எம். சி. ராஜா போன்றோர் அவர்கள் பக்கம் நின்றனர். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின, வேலைநிறுத்தமும் தோற்றது. பணிக்குத் திரும்பியவர்களைத் துரோகிகள் என்று எழுதிய அக்காலக் குறிப்புகளை அப்படியே ஏற்பது நேர்மையாகாது. கடனும் பசியும் கூடுதலாக அழுத்திய மக்களின் கூலி இழப்பை ஈடுசெய்யச் சங்கம் என்ன செய்தது என்ற கேள்வி, சங்கத்தின் வரலாற்றில் உரிய கவனத்தைப் பெறவில்லை.

ஊதியக் களவை நேரடியாகத் தொட்ட முதல் சட்டம் பதினைந்து ஆண்டுகள் கழித்தே வந்தது. தொழிலாளர் நிலையை ஆராய 1929-இல் அமைக்கப்பட்ட விட்லி ஆணையம் 1931-இல் அளித்த அறிக்கையின் பரிந்துரைகளை ஒட்டி இயற்றப்பட்ட 1936-ஆம் ஆண்டு ஊதியப் பட்டுவாடாச் சட்டம், ஆயிரம் பேருக்குக் குறைந்த நிறுவனங்கள் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள்ளும் மற்றவை 10-ஆம் தேதிக்குள்ளும் சம்பளம் தர வேண்டும் என்று விதித்தது. அபராதத்தைப் பொறுத்தவரை அதன் நுட்பம் கவனிக்கத்தக்கது. எந்தெந்தச் செயலுக்கு அபராதம் என்பதை முன்கூட்டியே அறிவித்து ஒட்ட வேண்டும். தொழிலாளியின் விளக்கத்தைக் கேட்காமல் விதிக்கக் கூடாது. பதினைந்து வயதுக்குக் கீழ்ப்பட்டவர் மீது விதிக்கவே கூடாது. தவணையாக வசூலிக்கக் கூடாது. அறுபது நாள் கடந்தபின் பிடிக்கக் கூடாது. தொகை ரூபாய்க்கு அரையணாவைத் தாண்டக் கூடாது. வசூலானதைப் பதிவேட்டில் எழுதித் தொழிலாளர் நலனுக்கு மட்டுமே செலவிட வேண்டும். மாதம் 15 ரூபாய் பெற்ற ஒருவரிடம் இதன்படி அம்மாதத்தில் பிடிக்கக்கூடிய உச்சம் ஏழரை அணா. அபராதப் பணம் முதலாளியின் கைக்குத் திரும்பும் வழியை அடைத்ததால், அபராதம் விதிப்பதில் இருந்த ஆதாயமே இல்லாமல் போனது.

இச்சட்டத்தின் 15-ஆம் பிரிவு, சட்டத்துக்குப் புறம்பாகப் பிடித்த தொகையைத் திருப்பித் தருவதோடு அதைப் போல் பத்து மடங்குவரை இழப்பீடு விதிக்கவும் அதிகாரிக்கு இடமளித்தது. அதைவிட முக்கியமானது மனுவை யார் போடலாம் என்ற பட்டியல்: பாதிக்கப்பட்டவர், வழக்கறிஞர், எழுத்து வழி அதிகாரம் பெற்ற சங்கப் பொறுப்பாளர், ஆய்வாளர், அத்துடன் ‘அதிகாரியின் அனுமதியுடன் செயல்படும் வேறு எவரும்’. இந்தக் கடைசித் தொடர் ஒரு பாதிரியாருக்கும் ஜமாத் பெரியவருக்கும் பஜனை சபைச் செயலாளருக்கும் கதவைத் திறந்தது. மாலைக்குள் கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்ற விவிலியக் கட்டளையும், வியர்வை உலருமுன் கூலி கொடுக்கச் சொல்லும் நபிமொழியும், கூலியைப் பறிப்பது கொடிய குற்றம் என்று 1891-இல் பாப்பரசர் பதின்மூன்றாம் லியோ வெளியிட்ட சுற்றுமடலும் அறிவுரையாக நின்றுவிடாமல், மனுவாக எழுதப்படுவதற்கான வழி அதுவே.

விடுதலைக்குப் பின் அந்த வாசல் நீதிமன்றத்தில் மேலும் விரிந்தது. ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானங்களில் கூலி குறைத்துக் கொடுக்கப்பட்டது குறித்து ஜனநாயக உரிமைகளுக்கான மக்கள் ஒன்றியம் அனுப்பிய கடிதத்தையே மனுவாக ஏற்ற உச்ச நீதிமன்றம், குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவது அரசமைப்பின் 23-ஆம் உறுப்பு தடைசெய்யும் கட்டாய உழைப்பே என்று 1982-இல் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு, ஆரிய சமாஜத் துறவி அக்னிவேஷ் தொடங்கிய கொத்தடிமை விடுதலை முன்னணியின் வழக்கில் கல்குவாரித் தொழிலாளருக்காகப் பிறர் வாதாடும் உரிமை உறுதிப்பட்டது. காவியுடுத்த ஒருவர் கூலிக் கணக்கைக் கேட்டு நீதிமன்றப் படியேறியது, பெரம்பூர் சபையின் வழியில் வைத்து எண்ணத்தக்க செயல்.

வட சென்னையில் இன்று சமய அமைப்பும் தொழிற்சங்கமும் சேரும் இக்கூட்டணி மிகத் தெளிவாகத் தென்படும் இடம் துறைமுகம். முதலாளி வேறு நாட்டிலும் கப்பலின் கொடி வேறொரு நாட்டிலும் இருக்க, சம்பளம் நின்றுபோன மாலுமி கரையில் அறிந்தவர் எவருமின்றி நிற்கிறார். 1856-இல் நிறுவப்பட்ட ஆங்கிலிக்கன் கடலோடிகள் மிஷனையும், 1920-இல் கிளாஸ்கோவில் தொடங்கிய கத்தோலிக்க அமைப்பான ‘ஸ்டெல்லா மாரிஸ்’ஸையும் சேர்ந்த குருமார்கள் உலகத் துறைமுகங்களில் கப்பலேறிச் சென்று கேட்கும் கேள்விகளில் சம்பளம் வந்ததா என்பதும் ஒன்று; கிடைக்கும் பதில் சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனத்தின் ஆய்வாளருக்குச் சென்று சேர்கிறது. 2012 அக்டோபர் 31 அன்று நீலம் புயலில் சென்னைக் கரையில் தரைதட்டிய ‘பிரதீபா காவேரி’ எண்ணெய்க் கப்பலில் 37 பேர் இருந்தனர். தப்ப முயன்று ஆறு பேர் இறந்தனர். பல மாதச் சம்பளம் பாக்கி என்று உயிர் தப்பியோர் கூறினர். புயலுக்கு முன்பே அந்தப் பாக்கி எச்சரிக்கையாகக் கொள்ளப்பட்டிருக்க வேண்டும். கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையை இந்தியா 2015-இல் ஏற்றது. அதன் 2017-இல் நடைமுறைக்கு வந்த திருத்தம், குறைந்தது இரண்டு மாதச் சம்பளம் தராமல் விடுவதைக் கப்பலைக் கைவிட்டதற்கான அடையாளமாகக் கொண்டு, நான்கு மாதப் பாக்கிவரை காப்பீட்டுப் பொறுப்பைக் கட்டாயமாக்கியது. 2017-ஆம் ஆண்டு இந்தியக் கடல்வழக்குச் சட்டத்தின்படி, கப்பலின் மீதான உரிமைக் கோரிக்கைகளுள் மாலுமியின் கூலிக்கே முதலிடம். கூலிக்காகக் கப்பலைச் சிறைபிடிக்கச் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட முடியும்.

நிலத்தில் வேலை செய்வோரின் நிலை இவ்வளவு தெளிவாக இல்லை. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டு ஊதியத் தொகுப்புச் சட்டம், 1936-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தைப் பிடித்தது. கோரிக்கை எழுப்பும் கால வரம்பு மூன்று ஆண்டாக நீண்டது. கூலி கொடுத்தாயிற்று என்று நிறுவும் சுமை வேலையளிப்பவர் மீது வைக்கப்பட்டது. பத்து மடங்கு இழப்பீட்டுக்கான இடமும் நிலைத்தது. ரசீதே இல்லாமல் மேஸ்திரியின் நோட்டுக் கணக்கை நம்பி வேலை செய்பவருக்கு, நிறுவும் சுமை மாறியது பெரும் பேறு. ஆனால் மனு போடக்கூடியவர் பட்டியல் தொழிலாளி, அவர் உறுப்பினராக உள்ள பதிவு பெற்ற சங்கம், ஆய்வாளர் ஆகிய மூவரோடு முடிந்துவிடுகிறது. ‘வேறு எவரும்’ என்ற தொடர் இச்சட்டத்தில் இல்லை. எண்ணூரிலோ திருவொற்றியூரிலோ ஒப்பந்ததாரரிடம் கூலியை இழந்து, எந்தச் சங்கத்திலும் சேராமல், ஞாயிறன்று தம் மொழி வழிபாட்டுக்கு மட்டும் கூடும் ஒடிய, பீகார்த் தொழிலாளிக்காக அவ்வழிபாட்டுக் கூட்டம் இனித் தன் பெயரில் மனு போட முடியாது. அவரைப் பதிவு பெற்ற ஒரு சங்கத்தில் உறுப்பினராக்கி, அச்சங்கத்தின் வழியாகவே அது பேச வேண்டியிருக்கிறது.