உடையக் கூடாத விளக்கும் உடைய வேண்டிய விளக்கும்

பிள்ளையார்பாளையத்துத் தறியில் நெய்த பட்டைப் பற்றி ஒரு பெருமை சொல்வார்கள். உடல் நைந்து போனாலும் கோர்வைக் கரை பிரியாதாம்! எந்தப் பொருளும் நீண்ட நாள் உழைக்க வேண்டும் என்பதுதான் நம் எண்ணம். ஆனால் விமான ஓடுபாதையைச் சுற்றி, மோதியவுடன் உடைய வேண்டும் என்றே செய்யப்படும் விளக்குகளும் உண்டு.

ஆரம்ப காலத்தில் இரவில் விமானம் இறங்க, தரையில் மண்ணெண்ணெய் விளக்குகளை வரிசையாக வைத்தார்கள். இந்தியாவில் இரவுத் தபால் விமானங்கள் 1949 ஜனவரி 30 அன்று தொடங்கின. சென்னை, பம்பாய், கல்கத்தா, டில்லி விமானங்கள் நடுராத்திரியில் நாகபுரியில் கூடி, மூட்டைகளை மாற்றிக்கொண்டு திரும்பின.

விமானங்கள் பெரிதாகி ஓடுபாதையும் அகலமானபோது, ஓர விளக்குகள் மட்டும் போதவில்லை. பாதையின் நடுவிலேயே விளக்கைப் புதைத்தார்கள். இது உடையவே கூடாது. 79 டன் எடையுள்ள போயிங் 737-800 விமானத்தின் பின்சக்கரம் ஒவ்வொன்றும் சுமார் 18 டன் தாங்குகிறது. டயரின் காற்றழுத்தமோ காரைப் போல ஆறு மடங்கு. அந்தச் சக்கரம் ஏறி ஓடினாலும் விளக்குக்கும் டயருக்கும் சேதம் வரக்கூடாது. அதிர்வில் போல்ட்டு தளர்ந்து விளக்கு பெயர்ந்தால் அதுவே ஆபத்து. ஆகவே போல்ட்டுகளை அடிக்கடி முடுக்கிப் பார்க்கிறார்கள்.

பாதையின் முனைக்கு அப்பால் உள்ள விளக்குக் கம்பங்களின் கதை வேறு. 1971 ஜூலை 30 அன்று சான் பிரான்சிஸ்கோவில் பான் அமெரிக்கன் 747 ஒன்று, பாதை போதாமல் தாழ்வாக எழும்பி அந்தக் கம்பங்களில் மோதியது. இரும்புத் துண்டுகள் தரையைத் துளைத்து பயணிகள் அறைக்குள்ளேயே பாய்ந்தன. இருவர் படுகாயமடைந்தனர். விமானம் எப்படியோ திரும்பி வந்து இறங்கியது. கம்பம் உறுதியாக இருந்ததுதான் குற்றம்! எளிதில் முறியும் கம்பங்களை ஆராய, சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 1981ல் ஒரு குழுவையே அமைத்தது.

நம் ஊரிலும் இதற்கு உதாரணம் உண்டு. 2018 அக்டோபர் 12 அதிகாலை, திருச்சியிலிருந்து துபாய் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 737, முனையில் இருந்த ஆண்டெனாவையும் பிறகு சுற்றுச்சுவரையும் இடித்தது. ஆண்டெனா விளக்கல்ல, ஆனாலும் அதற்கும் முறிய வேண்டும் என்ற அதே விதிதான். செங்கல் சுவருக்கு அப்படி ஒரு விதி ஏது? அடிவயிறு கிழிந்த நிலையிலேயே அது மும்பை வரை பறந்தது. உள்ளே இருந்த 136 பேரும் உயிரோடு இறங்கினார்கள்.