எஸ்யூவி-க்கு 20 இன்ச் அலாய் வீல் மாட்டப் போறீங்களா? மேடவாக்கம் ரோட்டுக்கு எந்த டயர் சைஸ் சரிப்படும்?

எஸ்யூவி வாங்கிய கையோடு பலரும் முதலில் மாற்ற நினைப்பது வீலைத்தான். ஷோரூமில் இருந்து 16 அல்லது 17 இன்ச் வீலோடு வந்த வண்டிக்கு 18, 20 இன்ச் அலாய் மாட்டினால் லுக்கே வேற மாதிரி ஆயிடும், உண்மைதான். ஆனால் டிசைனை மட்டும் பார்த்து வீலை முடிவு பண்ணிட்டு, "இதுக்கு ஏத்த டயரைப் போட்டுடுங்க" என்று கடையில் சொல்லிவிடுவதில்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது. பிரேக் பிடிப்பது, பள்ளத்தைத் தாங்குவது, ஏழு பேர் எடையைச் சுமப்பது எல்லாமே டயரின் வேலை. அதனால் டயர் சைஸை முதலில் முடிவு பண்ணிவிட்டு வீலைத் தேடுவதே சரியான வரிசை.

டயரில் இருக்கும் நம்பர் என்ன சொல்லுது?

டயரின் பக்கவாட்டில் 235/65 ஆர்17 104எச் என்ற மாதிரி ஒரு வரி இருக்கும். 235 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது பலர் நினைப்பது போல மில்லிமீட்டர் இல்லை. அகலத்தில் 65 சதவீதம் என்று அர்த்தம். அதுதான் ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் சுவரின் உயரம். ஆர் என்றால் ரேடியல், 17 என்பது ரிம் விட்டம், இன்ச்சில். கடைசியில் வரும் 104 எடைக் குறியீடு, எச் வேகக் குறியீடு (மணிக்கு 210 கி.மீ. வரை).

இதை வைத்து டயரின் மொத்த உயரத்தை மொபைல் கால்குலேட்டரிலேயே போட்டுவிடலாம். 235-ல் 65 சதவீதம் 152.75 மி.மீ. மேலே ஒரு சுவர், கீழே ஒரு சுவர், ஆக 305.5. ரிம் 17 இன்ச், ஒரு இன்ச்சுக்கு 25.4 வீதம் 431.8. இரண்டையும் கூட்டினால் 737.3 மி.மீ. இந்தக் கடைசி எண்ணை மட்டும் மறக்காமல் குறித்து வைத்துக்கொள்ளுங்க.

வீல் பெருசாகலாம், மொத்த உயரம் மாறக் கூடாது

மஹிந்திரா எக்ஸ்யூவி700-ஐ எடுத்துக்கலாம். இதில் 235/65 ஆர்17, 235/60 ஆர்18 என இரண்டு அளவுகளை வேரியண்டைப் பொறுத்து கம்பெனியே கொடுத்தது. முதலாவதின் உயரம் 737.3 மி.மீ., இரண்டாவது 739.2 மி.மீ. ரிம் ஒரு இன்ச் கூடியும் மொத்த உயரத்தில் வித்தியாசம் 2 மி.மீ.கூட இல்லை. ரிம் கூடும் அளவுக்கு ரப்பர் சுவரைக் குறைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

ஏன் இவ்வளவு கவனம்? ஸ்பீடோமீட்டர், ஓடோமீட்டர், ஏபிஎஸ், ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் எல்லாமே சக்கரம் ஒரு சுற்றுக்கு எவ்வளவு தூரம் போகும் என்பதை வைத்துத்தான் கணக்கு போடுகின்றன. டயர் உயரமாகிவிட்டால் மீட்டர் காட்டுவதை விட வண்டி வேகமாக ஓடும், பிக்-அப் குறையும், ஸ்டீயரிங்கை முழுசா ஒடிக்கும்போது டயர் ஃபெண்டரில் உரசலாம்.

இருங்காட்டுக்கோட்டையில் தயாராகும் ஹூண்டாய் கிரெட்டாவில் இந்தத் தவறு எளிதில் நடக்கும். அதில் 205/65 ஆர்16, 215/60 ஆர்17 என இரண்டு அளவுகள் உண்டு. உயரம் முறையே 672.9, 689.8 மி.மீ. 16 இன்ச் வண்டிக்கு 18 இன்ச் அலாய் போட்டு, "சுவர் கொஞ்சம் தடிமனா இருக்கட்டும்" என்று 225/55 ஆர்18 மாட்டினால் உயரம் 704.7 ஆகிவிடும். ஏறக்குறைய 4.7 சதவீதம் அதிகம். இதனால் மட்டும், மீட்டரில் 80 தெரியும் இடத்தில் பழைய டயரில் ஓடியதை விட சுமார் 4 கி.மீ. கூடுதல் வேகத்தில் வண்டி போய்க்கொண்டிருக்கும். அதே ரிம்மில் 225/50 ஆர்18 போட்டால் 682.2 மி.மீ., வித்தியாசம் 1.4 சதவீதம்தான்.

பொதுவாக 3 சதவீதம் வரை பரவாயில்லை என்பார்கள். உயரம் கூடும் பக்கம் 2 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

அப்போ 20 இன்ச்?

கணக்குப்படி வழி இருக்கு. எக்ஸ்யூவி700-ன் 17 இன்ச் டயருக்குப் பதில் 255/45 ஆர்20 போட்டால் உயரம் 737.5 மி.மீ., கிட்டத்தட்ட அச்சு அசல். மீட்டருக்குப் பிரச்னை இல்லை. பிரச்னை வேறு இடத்தில்: ரப்பர் சுவர் 152.75-ல் இருந்து 114.75 மி.மீ. ஆகிவிட்டது. 38 மி.மீ. ரப்பர் போச்சு.

பள்ளத்தில் இறங்கும்போது முதல் அடியை வாங்குவது சஸ்பென்ஷன் இல்லை, இந்தச் சுவர்தான். அது அமுங்கி விரிய இடம் இல்லை என்றால், பள்ளத்தின் ஓரத்துக்கும் ரிம்முக்கும் நடுவில் டயர் நசுங்கும். உள்ளே இருக்கும் நூலிழைகள் அறுந்தால் பக்கவாட்டில் கொப்பளம் மாதிரி புடைக்கும். அப்படிப் புடைத்த டயருக்குப் பஞ்சர் வேலை எல்லாம் கிடையாது, மாற்றித்தான் ஆகணும். ஹைவேயில் அது வெடித்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. ரிம்மும் வளையலாம், விரிசல் விடலாம்.

இப்போ மேடவாக்கத்துக்கு வருவோம். மாதவரத்தில் இருந்து சோழிங்கநல்லூர் வரையிலான மெட்ரோ இரண்டாம் கட்ட வழித்தடம் கோவிலம்பாக்கம், மேடவாக்கம், பெரும்பாக்கம் வழியாகத்தான் போகிறது. பணி நடக்கும் இடங்களில் தடுப்பு, திருப்பிவிடும் பாதை, தார் ஒட்டுப் போட்ட ரோடு எல்லாம் இந்தப் பக்கம் ஓட்டுபவர்களுக்குப் பழகிப்போன விஷயம். அதோடு மழை. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டிய தாழ்வான பகுதி இது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எவ்வளவு தண்ணீர் நின்றது என்று எல்லோருக்கும் நினைவிருக்கும். தண்ணீருக்கு அடியில் இருக்கும் பள்ளத்தைப் பார்த்து பிரேக் பிடிக்க முடியாது. இன்னொன்று, டயர் அகலமாக ஆக, தேங்கிய தண்ணீரில் வேகமாகப் போகும்போது ரோட்டில் ஒட்டாமல் மிதக்கும் வாய்ப்பும் கூடும்.

அதனால் வேளச்சேரி - தாம்பரம் ரோடு, மாம்பாக்கம் ரோடு என்று தினமும் ஓட்டுபவர்கள் இருக்கும் சைஸை விட ஒரு இன்ச் மட்டும் ஏற்றுவதே புத்திசாலித்தனம். அதுவும் அதே மாடலின் டாப் வேரியண்டில் கம்பெனி கொடுக்கும் அளவாக இருந்தால் யோசிக்கவே வேண்டாம். 17-ல் இருந்து 20-க்குத் தாவுவது அந்தக் காசுக்கு ஏற்ற பலன் தராது.

பலர் கவனிக்காத எடைக் குறியீடு

104 என்றால் ஒரு டயர் 900 கிலோ தாங்கும். 101 என்றால் 825 கிலோ. மூன்று எண்தானே குறைவு என்று தோன்றும். நான்கு டயருக்குச் சேர்த்துப் பார்த்தால் 300 கிலோ. ஊருக்குப் போகும்போது மூன்றாவது வரிசை வரை ஆள் ஏறி, டிக்கியிலும் மேலேயும் லக்கேஜ் கட்டும் வண்டிக்கு இது சின்ன விஷயம் இல்லை. புது டயரின் எடைக் குறியீடு, வேகக் குறியீடு இரண்டும் பழைய டயருக்குச் சமமாகவோ அதிகமாகவோ இருக்கணும்.

சுவர் குறைந்த டயர்களில் எக்ஸ்எல் என்று எழுதியவை அதிக எடை தாங்கும். ஆனால் அந்த எடையைத் தாங்க அதற்குக் காற்றும் கூடுதலாக வேணும். டிரைவர் கதவு ஓரத்தில் ஒட்டியிருக்கும் காற்றழுத்த ஸ்டிக்கர் பழைய சைஸுக்கானது என்பதால், புது டயருக்கு எவ்வளவு என்று அந்த டயர் கம்பெனி டீலரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்க.

வீலிலும் சில அளவுகள் பொருந்தணும். போல்ட் இடைவெளியான பிசிடி (கிரெட்டாவுக்கு 5 போல்ட், 114.3), வீல் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே தள்ளி நிற்கும் என்பதைச் சொல்லும் ஆஃப்செட், நடு ஓட்டை, ரிம் அகலம். 255 அகல டயரைக் குறுகலான ரிம்மில் திணித்து மாட்டவே கூடாது. வீல் வெளியே துருத்திக்கொண்டு நின்றால் பேரிங் சீக்கிரம் போகும்.

சட்டம் என்ன சொல்லுது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளாவில் இருந்து வந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அனுமதியில்லாத மாற்றத்துக்கு, 182ஏ பிரிவின்படி ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கலாம். அதே மாடலுக்குக் கம்பெனி அங்கீகரித்த சைஸுக்குள் இருந்தால் இந்தக் கவலை பெரிதாக இருக்காது. அதைத் தாண்டினால், விபத்து நடந்த பிறகு இன்சூரன்ஸ் கம்பெனி கேட்கும் கேள்விக்கும் நீங்கதான் பதில் சொல்லணும். மாற்றுவதற்கு முன்பே அவர்களுக்குத் தெரிவித்துவிடுவது நல்லது.

கடையில் நிற்கும்போது

டயரில் ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா பாருங்க. நான்கு இலக்கத் தயாரிப்புத் தேதியும் இருக்கும். 3524 என்றால் 2024-ம் ஆண்டின் 35-வது வாரம். மாட்டியதும் ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை ஒடித்துப் பார்க்கணும், பின் சீட்டில் ஆள் ஏற்றி ஒரு ஸ்பீடு பிரேக்கர் மேலே ஏற்றி இறக்கியும் பார்க்கணும். உரசல் சத்தம் வந்தால் அங்கேயே சொல்லி மாற்றிவிடலாம். பழைய வீல் நட்டுகள் புது அலாயில் சரியாக உட்காருதா என்றும் கேளுங்க. ஸ்டெப்னிக்கு வேறு நட்டு தேவைப்பட்டால் அதையும் ஒரு செட் வண்டியிலேயே வைத்திருக்கணும். வீல் பேலன்சிங், அலைன்மென்ட் முடித்து, 50 முதல் 100 கி.மீ. ஓடியதும் திரும்பப் போய் நட்டுகளை டார்க் ரென்ச்சால் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்க.