ஸ்பேனர் எடுத்த முதலாளி

கச்சிராயபாளையத்தைத் தாண்டி கல்வராயன் மலை ஏறும்போது வண்டி நின்றுவிட்டால் என்ன செய்வது? மெக்கானிக்குக்காகக் காத்திருப்பதா, ஸ்பேனரைத் தானே எடுப்பதா? மோட்டார் வண்டி தமிழ்நாட்டுக்கு வந்த நாளிலிருந்தே இருக்கும் கேள்வி இது. இதற்கு நல்ல உதாரணம் ஜி.டி. நாயுடு.

1893-ல் கோவை அருகே கலங்கல் கிராமத்தில் பிறந்தவர். பள்ளிப் படிப்பு ஏறவில்லை. ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளைப் பார்த்ததும் அதன் மேல் ஆசை வந்துவிட்டது. கோவையில் ஓட்டல் சர்வராக இருந்து பணம் சேர்த்து, 300 ரூபாய்க்கு அதே வண்டியை வாங்கினார். ஓட்டிப் பார்த்ததோடு விட்டாரா என்றால் இல்லை. அக்கக்காகக் கழற்றி மறுபடி பூட்டினார்!

1920-ல் கடன் வாங்கி ஒரே ஒரு பஸ் வாங்கினார். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அவரே ஓட்டினார். வணிகவியல் கண்ணோடு பார்த்தால் கணக்கு எளிது. ஒரே பஸ் வைத்திருப்பவருக்கு, அது பழுதாகி நிற்கும் நாளில் வருமானம் பூஜ்யம். கடனுக்கு வட்டி மட்டும் நிற்காது. உதிரி பாகங்களோ கப்பலில் வந்த காலம் அது. எனவே வேலை தெரிந்த முதலாளிக்கு மிச்சமானது மெக்கானிக் கூலி மட்டுமல்ல, நாட்களும்தான்.

ஆனால் 1933-ல் அவருடைய யு.எம்.எஸ். நிறுவனத்தில் 280 பஸ்கள். அத்தனையையும் ஒருவரே பழுது பார்க்க முடியுமா? தொழில் தெரிந்த ஆட்கள் வேண்டும். 1945-ல் கோவையில் ஆர்தர் ஹோப் தொழில்நுட்பக் கல்லூரி தொடங்க அவரே முக்கியக் காரணம். முதல்வராகவும் இருந்தார். நான்கு வருடப் படிப்பு வீண், இரண்டு வருடமே போதும் என்றார். அரசு ஒப்புக்கொள்ளவில்லை. பதவியை விட்டு விலகிவிட்டார்.