இசைப்பற்றும் வானொலிப் பணியும்

இசையில் நாட்டங்கொண்ட பிள்ளையை நோக்கி, "பாட்டு சோறு போடுமா?" என்று கேளாத பெற்றோர் அரியர். தங்கச் சுரங்கங்கள் 2001ஆம் ஆண்டில் மூடப்பட்ட பின்னர், நம் நந்திதுர்க்கில் இக்கேள்வி முன்னிலும் அழுத்தமாக எழுகின்றது. விடியுமுன் மாரிகுப்பத்தில் வண்டியேறிப் பெங்களூருக்குப் பிழைப்புத் தேடிச் செல்லும் இளைஞர்களை, ரயில்வே எழுத்தனாகிய யான் நாள்தோறும் காண்கின்றேன். அவர்களுள் நல்ல குரல்வளம் வாய்ந்தோரும் உளர். அவர்தம் பெற்றோர் பொருட்டே எஸ். ராஜம் என்னும் பெரியாரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூற விழைகின்றேன்.

முதற்கண் வானொலி வந்த வழியைக் காண்போம். 1924இல் சென்னையில் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் ஆர்வலர் சிலரைக் கூட்டி ஒரு வானொலிக் கழகம் கண்டார். பொருள் முட்டுப்பாட்டால் அது 1927இல் நின்றது. 1930இல் சென்னை மாநகராட்சி அப்பணியை ஏற்றது. நம் மைசூரிலோ, 1935இல் உளநூற் பேராசிரியர் எம். வி. கோபாலசுவாமி தம் இல்லத்திலேயே ஒலிபரப்பு நிலையம் அமைத்தார்; 'ஆகாசவாணி' என்னும் பெயர் அந்நிலையத்திற்கு வழங்கிய பெயரே. 1938 ஜூன் 16ஆம் நாள் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தொடங்கிற்று. கோயிலையும் சபாவையும் புரவலரையும் நம்பியிருந்த இசைவாணர்க்கு, மாதச் சம்பளம் பெற்று இசையோடு வாழப் புதியதொரு வாயில் இங்ஙனம் திறந்தது.

அவ்வாயிலில் நுழைந்தவருள் ஒருவரே ராஜம். 1919இல் பிறந்த அவர்க்கு வாய்த்த பெரும்பேறு, அவர் தந்தையாரும் இசைப்பற்று மிக்கவர் என்பது. மைலாப்பூர் இல்லத்தில் இசைவாணர் வருகை ஓயாது. அம்பி தீட்சிதர், பாபநாசம் சிவன் முதலியோரிடம் ராஜம் பயின்றார். 1934இல் வெளிவந்த 'சீதா கல்யாணம்' படத்தில் இராமனாக நடித்தார். பின்னாளில் வீணையில் புகழ்பெற்ற தம்பி எஸ். பாலசந்தரும் சிறுவனாக அதில் தோன்றினார். 1943இல் 'சிவகவி'யில் ராஜம் முருகனாகவும் நடித்தார். சென்னை ஓவியப் பள்ளியிலும் பயின்றார். சங்கீத மும்மூர்த்திகளுக்கு அவர் தீட்டிய உருவங்களே பல இல்லங்களில் இன்றும் விளங்குகின்றன.

திரைப்புகழ் கையெட்டும் தொலைவில் இருந்தும், அவர் நிலைத்த இடம் சென்னை வானொலியே. ஆங்கு இசை மேற்பார்வையாளராக நெடுங்காலம் பணிபுரிந்தார். வானொலிப் பணி எளிதன்று. சபாவிலே பாடகர் மனம்போல் நீட்டலாம். நிலையத்திலோ கடிகார முள்ளே தலைவன். குறித்த மணிக்குத் தொடங்கிக் குறித்த மணிக்கு முடித்தல் வேண்டும். கேட்போர் முகம் தெரியாது, கைதட்டலும் கேளாது. கலையார்வத்தோடு அலுவலக ஒழுங்கும் அமைந்தோரே அங்கு நிலைக்கவியலும்.

நிலையான ஊதியம் அவரைச் சோம்பச் செய்ததோ? இல்லை. கோடீசுவர ஐயர் 72 மேளகர்த்தா இராகங்களிலும் தமிழ்க் கிருதிகள் இயற்றினார். அவற்றுள் 40 விவாதி மேளங்கள். அவற்றைப் பாடினால் தீங்கு நேரும் என்று அஞ்சி வித்துவான்கள் பலர் ஒதுக்கினர். ராஜம் அவ்வச்சத்தை மதியாது 72ஐயும் பாடினார், மாணாக்கர்க்கும் பயிற்றினார். கச்சேரிக் கூட்டத்தின் விருப்பையே நம்பி வாழ்வோர்க்கு இத்துணிவு எளிதில் வாராது. மாதச் சம்பளம் அவர் கலையைக் கட்டவில்லை. அதற்குக் காவலாயிற்று என்பதே என் துணிபு. 2010இல் அவர் மறைந்தார். முதுமையிலும் பாட்டையும் தூரிகையையும் விட்டாரல்லர்.

பாடுவோர் யாவர்க்கும் வானொலியில் வேலை கிட்டும் என்று யான் கூறவில்லை. ஆயினும், பிள்ளையின் கல்வியைக் கருதும் நாம், அவன் ஆர்வத்தையும் உடன் கருதுவோமாக. "பாட்டு சோறு போடுமா?" என்று கேட்குமுன், அவன் பாட்டை ஒருமுறை அமர்ந்து கேட்போம். ராஜத்தின் தந்தையார் செய்தது அதுவே.

வாழ்க தமிழ்! வளர்க இசை!